நைனா என்றொரு இனிஷியல்

“பேரு மரியசெல்வம். வயசு இருபது. இருக்கிறது தொண்டூரு, செஞ்சி தாலுக்கா...”

“மெதுவாச் சொல்லுங்க. மெஷினுக்கும் மூச்சு வாங்கும்லா?”

டைப்ரைட்டருக்கு மேலே இரண்டு கண்கள் நிமிர்ந்தன. அவ்வளவுதான்... அடுத்து என்ன சொல்ல வந்தோம் என்பதே மரியசெல்வத்துக்கு மறந்துபோயிற்று. வெளியே மழை. ராஜகிரிக் கோட்டையின் உச்சி மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. ஆனால் அந்தக் கண்களில் மட்டும் எங்கிருந்தோ வெயில் அடித்தது.

உண்மையில் கண்களைப் பார்க்கிற நேரமா அது? எஸ்.எஸ்.எல்.சி. முடித்து மூன்று வருஷம் கடலைக் கொல்லையில் கழித்த பிறகு, இந்த 1964-இல்தான் மெட்ராஸ் காலேஜில் சீட் கிடைத்திருக்கிறது. ஸ்காலர்ஷிப் வந்தால் படிப்பு. வராவிட்டால் திண்டிவனம் ரைஸ் மில்லில் மூட்டைக்கு நம்பர் போடும் வேலை. அடுத்த வருஷம் மனுப் போட வயது தாண்டிவிடும். தாசில்தார் கையெழுத்தோடு நாளை சாயங்காலத் தபாலில் மனு போயாக வேண்டும்.

“அப்பா பேரு?” என்றாள் அவள். அரசு ஆஸ்பத்திரிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த கம்பவுண்டரின் மகள் லில்லி. பாளையங்கோட்டைக்காரி. ராஜாராம் சாரின் இன்ஸ்டிட்யூட்டில் இரண்டு மாதமாக டைப்பிஸ்ட்.

“நைனா... அமிர்தசாமி.”

டக்... டக்... டக்... காகிதம் வெளியே வந்தது. மரியசெல்வம் கையெழுத்துப் போட்டான். படிக்கவில்லை. படிக்க வேண்டியது வேறெங்கோ இருந்தது...

மறுநாள் தாலுக்கா ஆபீஸ் குமாஸ்தா மனுவைப் பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இன்னாய்யா இது? எஸ்.எஸ்.எல்.சி. புஸ்தகத்துல அ. மரியசெல்வம். இங்க நை. அ. மரியசெல்வம். தகப்பனார் பேரு நைனா அமிர்தசாமியாமே! வேற அடிச்சி எடுத்துனு வா. அஞ்சு மணிக்கு ஐயா கெளம்பிடுவாரு.”

சைக்கிள் இன்ஸ்டிட்யூட் வாசலில் சரிந்து விழுந்தது.

“ஏங்க, நைனான்னு யாராவது பேரு வெப்பாங்களா?”

“நீங்க சொன்னதத்தான அடிச்சேன்!” லில்லியும் விடவில்லை. “படிச்சிப் பாத்துத்தான கையெழுத்துப் போட்டிய?”

அந்தக் கேள்விக்கு அவனிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் முடியவில்லை. சொல்ல முடியாத பதில் கோபமாக வந்தது.

“இனிமே உங்க கையால ஒரு எழுத்து வாணாம்!”

தாலுக்கா ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து தன் கையாலேயே எழுதி நீட்டினான். “டைப் அடிச்சாத்தான் செல்லும்” என்று திருப்பிவிட்டார் குமாஸ்தா. மணி நாலு. வெளியாளுக்கு டைப் அடித்துக் கொடுக்க செஞ்சியில் வேறு இடம் கிடையாது. இரண்டு தெரு தள்ளித்தான் இன்ஸ்டிட்யூட்... கால்தான் போக மறுத்தது. என்ன வீம்பு இது! ஒரு மன்னிப்புக் கேட்டால் குறைந்தா போய்விடுவேன்? எழுந்தே விட்டான்...

அப்போது மழைக்குள் ஒரு நீலத் தாவணி ஓடி வந்தது. தலை நனைந்து, முகம் நனைந்து, மார்போடு அணைத்திருந்த டைப்ரைட்டர் உறை மட்டும் பத்திரமாக. உறைக்குள் காகிதம்.

“இந்தாங்க. நேத்து அடிச்ச கார்பன் காப்பி இருந்தது... அதப் பாத்து அடிச்சேன். எங்க ஊர்ல அப்பாவ நைனான்னு கூப்பிட மாட்டாவ. பேருலயே சேந்ததுன்னு நெனச்சிட்டேன். நைனான்னா அப்பான்னு சொல்லிட்டு ராஜாராம் சார் விழுந்து விழுந்து சிரிக்காரு.”

“தப்பு எம்மேலதான்...” அவன் அவசரமாகக் கையெழுத்துப் போட்டான்.

“பாத்தியளா! இப்பவும் படிக்கல!”

“படிக்கத்தான் பாக்கறேன்...” துணிந்துவிட்டான். “நேத்தும் பாத்தேன். உங்க கண்ணு குறுக்க வந்திச்சி.”

அவள் மழையைப் பார்த்தாள். காது மடல் சிவந்தது... “நாலரை ஆச்சு. உள்ள போங்க மொதல்ல!”

மூன்றாவது வாரம் ஸ்காலர்ஷிப் உத்தரவு வந்தது. டிரங்குப் பெட்டி கட்டியாயிற்று. மறுநாள் காலை பஸ். மரியசெல்வம் தலை படிய வாரிக்கொண்டு இன்ஸ்டிட்யூட்டில் வந்து நின்றான்.

“ஒரு மனு அடிக்கணும்.”

“சொல்லுங்க.”

“பேரு மரியசெல்வம். வயசு இருபது. நாளையிலேருந்து இருக்கிறது மெட்ராஸ், ஆஸ்டல்.”

“மனு யாருக்கு?”

“கம்பவுண்டர் வூட்டு லில்லிக்கு.”

விரல்கள் நின்றன. அவன் நிற்கவில்லை. நின்றால் தைரியம் போய்விடும்!

“படிச்சி முடிச்சி வாத்தியார் வேல வாங்க அஞ்சு வருசம் ஆவும். கண்டிப்பா வாங்குவேன். அதுவரைக்கும் எனக்காகக் காத்திருக்கணும்னு கேட்டுக்கறேன்.”

மெஷின் மெல்ல ஓடியது... அவன் சொல்லி முடித்த பிறகும் ஓடியது.

“அப்பா பேரு?” குனிந்தபடியே கேட்டாள்.

“அமிர்தசாமி. வெறும் அமிர்தசாமி!”

“நைனா வேண்டாமா?” கன்னத்தில் குழி விழுந்தது. “எங்க அப்பாகிட்ட வந்து பேச நைனாதான வேணும்?”

காகிதத்தை உருவி நீட்டினாள். “படிச்சிட்டுப் போடுங்க கையெழுத்த.”

வாழ்க்கையில் முதல்முறையாக, அவள் அடித்ததை அவன் எழுத்து எழுத்தாகப் படித்தான். கடைசியில் அவன் சொல்லாத மூன்று வரிகள்...

‘மனு ஏற்கப்பட்டது.
இதைப் படிப்பவர் வாரம் தவறாமல் ஒரு கடிதம் போடவும்.
கையால் எழுதினால் போதும்.’