வெளியேறாத பெயர்

"இன்னைக்கு நாலு மணிக்கு என் சம்சாரம் ஒப்புதல் கடிதத்துல கையெழுத்துப் போட்டுடுவா சார்" என்றார் பேருந்து ஓட்டுநர். உட்காரச் சொன்னதுகூட அவர் காதில் விழவில்லை. "ரெண்டு நாளா 'நான் செய்யல, நான் செய்யல'ன்னு அழுதா. நேத்துலேருந்து 'நான்தான் செஞ்சிருப்பேன் போலிருக்கு'ங்கறா. அதுதான் எனக்கு பயமா இருக்கு."

துப்பறிவாளர் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினார். ஒரு காலத்தில் தொலைபேசிக் கோளாறு பார்த்த மனிதர் அவர். யார் எவ்வளவு பதறினாலும் இணைப்பு எங்கே அறுந்தது என்றுதான் யோசிப்பார். அவருடைய அண்ணி அதற்குள் நோட்டைத் திறந்து தயாராக உட்கார்ந்துவிட்டார். கொழுந்தனின் வழக்கில் மூக்கை நுழைக்காவிட்டால் அந்த அம்மாவுக்குச் சோறு இறங்காது.

ஓட்டுநரின் மனைவி ஒரு மருத்துவமனையில் நர்ஸ். டாக்டர் எழுதும் சீட்டு அங்கே மருந்தறைக்கு வரும். அறையில் இருப்பவர் அளவைக் கணினியில் தட்டி, லேபிள் அச்சிட்டு, குப்பியில் ஒட்டி வார்டுக்கு அனுப்ப வேண்டும். ஒன்றரை மணி வரை அது நர்ஸின் வேலை, அதற்குப் பிறகு மருந்தாளருடையது. நான்கு நாட்களுக்கு முன்பு பத்து என்று எழுதிய சீட்டுக்கு நூறு என்று லேபிள் போனது. ஆறு மாதக் குழந்தையின் தாய் ஒருத்தி மாலைக்குள் இறந்துவிட்டாள். லேபிளின் அடியில் இருந்த நேரம் ஒன்று நாற்பது. பெயர், ஓட்டுநரின் மனைவியுடையது.

"அவங்க பாஸ்வேர்டு வேற யாருக்காவது தெரியுமா?"

"எனக்கே தெரியாது சார். ஒன்றரைக்கு வார்டு கம்ப்யூட்டர்ல லாகவுட் பண்ணிட்டு நேரா வீட்டுக்கு வந்தேங்கறா. விசாரணைக் கமிட்டி நம்பல. போற வழியில மருந்தறைக்குள்ள போயி அவசரத்துல தப்பா தட்டிட்டாளாம். மருந்தாளரும் 'ஒன்னே முக்காலுக்குத்தான் நான் வந்து உட்கார்ந்தேன்'னு எழுதிக் கொடுத்திருக்கார். அவரைக் குறை சொல்ல மனசு வரல. அந்த ஆஸ்பத்திரியிலேருந்து தினம் ஃபோன் பண்ணி 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேக்கறது அவர் ஒருத்தர்தான்."

"பாஸ்வேர்டை யாரோ திருடிட்டாங்க தம்பி" என்றார் அண்ணி. "நாலு பேரைப் பிடிச்சு உலுக்கினா உண்மை வந்துடும்."

"முதல்ல கம்ப்யூட்டரைப் பாப்போம் அண்ணி."

மருந்தறைக்கு ஜன்னல் இல்லை. ஒரு குளிர்பதனப் பெட்டி, ஒரு மேசை, நடுவில் பஞ்சு பிதுங்கிய ஒரு நாற்காலி. தலைமை மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தபடி வாசலில் நின்று விளக்கினார். மருத்துவமனையின் இணையப் பக்கத்தில் ஒரு தடவை லாகின் செய்தால் போதும்; எந்தக் கணினியிலிருந்து லாகவுட் செய்தாலும் அந்தப் பக்கம் எல்லா இடத்திலும் வெளியேறிவிடும். அங்கிருந்தே லேபிள் புரோகிராமைத் திறக்கலாம். அது இந்தக் கணினியிலேயே இருக்கும் தனி புரோகிராம். மறுபடி பாஸ்வேர்டு கேட்காமல் அதே பெயரை எடுத்துக்கொள்ளும்.

"ஒரே சாவியில ரெண்டு கதவு" என்று எழுதிக்கொண்டார் அண்ணி.

"திறக்கறதுக்கு ஒரே சாவிதான்" என்றார் துப்பறிவாளர். பிறகு தலைமை மருத்துவரிடம் திரும்பினார். "கமிட்டி அந்த ஒரு வரியை மட்டும்தான் அச்செடுத்திருக்கு. எனக்கு அன்னைக்கு முழு லேபிள் பட்டியலும் வேணும். இணையப் பக்கத்துல யார், எப்போ, எந்தக் கம்ப்யூட்டர்ல லாகின் பண்ணாங்கங்கறதும் வேணும்."

இரண்டு தாள்களையும் அருகருகே வைத்து வெகுநேரம் படித்தார். அண்ணி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"மத்த லேபிள் எல்லாம் ஒழுங்காத்தானே இருக்கு?"

"ஒழுங்கா இருந்ததாலதான் யாரும் படிக்கல அண்ணி."

நான்கு மணிக்கு எல்லாரையும் மருந்தறைக்கே வரச் சொன்னார். நர்ஸ் கணவனின் கையைப் பிடித்தபடி வந்தாள். மூன்று நாளில் பாதியாய் இளைத்திருந்தாள். யாரோ தட்டச்சு செய்து கொடுத்த ஒப்புதல் கடிதம் மேசைமேல் பேனாவோடு காத்திருந்தது. மருந்தாளர், ஓய்வுக்கு ஓராண்டு மட்டுமே பாக்கியிருந்த மனிதர், சுவரோரமாக நின்றார்.

"டாக்டர், இந்தக் கம்ப்யூட்டர்ல லேபிள் புரோகிராமை மூடிட்டு, உங்க பேருல லாகின் பண்ணிப் புதுசா திறங்க. அப்புறம் வார்டுக்குப் போயி, அங்கேருந்து லாகவுட் பண்ணிட்டு வாங்க."

தலைமை மருத்துவர் முணுமுணுத்துக்கொண்டே செய்துவிட்டு வந்தார்.

"இப்போ நீங்க" என்றார் துப்பறிவாளர் மருந்தாளரிடம். "தினமும் என்ன செய்வீங்களோ அதையே செய்யுங்க. ஒரு வெறும் லேபிள் போடுங்க."

மருந்தாளர் இணையப் பக்கத்தில் லாகின் செய்தார். மேலே அவர் பெயர் வந்தது. ஏற்கெனவே திறந்து கிடந்த புரோகிராமில் லேபிளைத் தட்டினார். அச்சு வந்ததும் அண்ணி பாய்ந்து கிழித்தெடுத்தார்.

"இதுல டாக்டர் பேரு இருக்கு!"

"இணையப் பக்கத்துல லாகவுட் பண்ணினா புரோகிராம் லாகவுட் ஆகாது. முதல்ல திறந்தவங்க பேரையே பிடிச்சு வச்சிருக்கும். அதை மூடினாத்தான் போகும். இங்க யாரும் மூடறதில்ல, திறக்க அஞ்சு நிமிஷம் ஆகுமாம்." துப்பறிவாளர் முதல் தாளை மேசைமேல் விரித்தார். "அன்னைக்குக் காலையில புரோகிராமைத் திறந்தது இந்தம்மா. ஒன்னு நாற்பதுலேருந்து நாலு மணி வரைக்கும் பதினாலு லேபிள். பதினாலுலயும் இந்தம்மா பேரு. ரெண்டேகால் மணிக்கு இவங்க வீட்டுல இருந்தாங்கன்னு பக்கத்து வீட்டுக்காரங்க சொல்றாங்க. மத்தியானம் பூரா வேலை பார்த்தவர் பேருல ஒரு லேபிள்கூட இல்ல. அப்போ லேபிள்ல இருக்கற பேரை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது."

"அப்போ அந்த நேரத்துல நாற்காலியில யாரு?" என்றார் தலைமை மருத்துவர்.

துப்பறிவாளர் இரண்டாவது தாளில் விரலை வைத்தார். "இதே கம்ப்யூட்டர். ஒன்னு முப்பத்தாறுக்கு லாகின். ஒன்னே முக்காலுக்குத்தான் வந்தேன்னு எழுதிக் கொடுத்தவரோட பேரு."

மருந்தாளர் கண்ணாடியைக் கழற்றினார்.

"மேல இருந்த சீட்டோட அளவைப் பார்த்துக் கீழ இருந்த சீட்டுக்குத் தட்டிட்டேன்" என்றார். "வேணும்னு செய்யல. சாயங்காலமே எனக்குத் தெரிஞ்சிடுச்சு. மறுநாள் மீட்டிங்ல என் பேரைத்தான் படிப்பாங்கன்னு எழுந்தே நின்னுட்டேன். இவ பேரைப் படிச்சாங்க. எப்படின்னு எனக்குப் புரியல. நான் உட்கார்ந்துட்டேன்."

தலைமை மருத்துவர் தலை குனிந்தார். அந்தப் பெயரைப் படித்தவர் அவர்தான்.

ஓட்டுநர் கை ஓங்கிவிட்டார். நர்ஸ் அவரைத் தடுத்தாள். அவள் அழவில்லை. உள்ளே வந்ததிலிருந்து முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"தினமும் ஃபோன் பண்ணி 'சாப்பிட்டியாம்மா'ன்னு கேட்டீங்களே அண்ணே" என்றாள். "நான் சாப்பிடலைன்னதும் ஃபோனை வச்சுட்டு நீங்க சாப்பிட்டீங்களா?"

மருந்தாளர் ஒப்புதல் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்து, அதிலிருந்த அவள் பெயரை அடித்துவிட்டு, தன் பெயரை எழுதினார். அண்ணி எதையும் குறித்துக்கொள்ளாமல் நோட்டை மூடினார்.