அலமாரிக்குள் கற்பூரம்

"அப்பாதான் செஞ்சிருக்கணும். ஆனா சொல்ல வாய் வரலை," என்றாள் டாக்டரம்மா.

நிதானம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். மருந்து ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்ற அவருக்குத் தெருவே சேர்ந்து வைத்த பெயர் அது. எதிரில் இருந்தவள் ஹோமியோபதி டாக்டர். அவள் அப்பாவும் அதே வைத்தியத்தில் தலை நரைத்தவர். நிதானத்தின் மைத்துனருக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. "முழுசா சொல்லுங்கம்மா. மாமா பிடிச்சுடுவார்," என்றார்.

மூட்டுவலிக்கு அப்பா காலங்காலமாகக் கொடுத்துவந்த மருந்து ஒன்று, மகள் புதிதாகக் கொண்டுவந்த மருந்து ஒன்று. எது மேல் என்று பார்க்க ஆறு மாதமாகச் சோதனை நடந்தது. ஒரே மாதிரி சர்க்கரை உருண்டைகள், ஒரே மாதிரி புட்டிகள். மூடி மட்டும் சிவப்பு அல்லது வெள்ளை. எந்த மூடிக்குள் எந்த மருந்து என்பது மருந்து கட்டும் அக்காவுக்கு மட்டுமே தெரியும். அந்த அக்கா நோயாளிகளிடம் பேசவே கூடாது. தன் மருந்துக்குத் தானே சலுகை காட்டிவிடக் கூடாது என்று டாக்டரம்மா போட்ட கட்டுப்பாடு அது. இன்று மாலை மருத்துவர் சங்கக் கூட்டத்தில் முடிவு சொல்ல வேண்டும். காலையில் மிச்சப் புட்டிகளை எடுக்க அலமாரியைத் திறந்தால், தட்டு முழுக்கக் கற்பூர வில்லைகள்.

"கற்பூரம் பக்கத்துல இருந்தா மருந்தோட சக்தி போயிடும்னு எங்க வைத்தியத்துல நம்பிக்கை. எத்தனை நாளா உள்ளே இருக்கோ, நோயாளிங்க எதைச் சாப்பிட்டாங்களோ, யாருக்குத் தெரியும்? சோதனையே செல்லாதுன்னு சொல்லிடுவாங்க. அப்பாவுக்கு என் மருந்து பிடிக்காது. நேத்து வெளியூர் போறப்போ அலமாரியைக் கடைசியா பூட்டினதும் அவர்தான்."

"அப்புறமென்ன மாமா, கையும் களவுமா..."

"இன்னும் கையும் பார்க்கலை, களவும் பார்க்கலை. செருப்பைப் போடுங்க மாப்ள," என்றார் நிதானம்.

மருந்தகத்தில் டாக்டரம்மாவின் கணவர் அவர்களை வரவேற்றார். அவர் மருத்துவர் அல்ல. வாராவாரம் நோயாளிகளுக்குப் போன் செய்து வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு, மூடியின் நிறத்தோடு சேர்த்துக் குறித்துவந்தவர். இன்று வரை அதை மனைவி பார்க்கக் கூடாது என்பதும் கட்டுப்பாடுதான். "கூட்டத்தை ரத்து பண்ணிடலாம் சார். இதை எதுக்குக் கிளறிக்கிட்டு," என்றார்.

அலமாரிச் சாவி மருந்து கட்டும் மேசைக்கு மேலே ஆணியில் தொங்கியது. நிதானம் கதவைத் திறந்து குனிந்தார். கற்பூர வில்லைகள் ஓரம் கரையாமல் கூராக இருந்தன. மூலையில் ஒரு புட்டி விரிசல் விட்டிருந்தது. அதன் உருண்டைகளை எறும்புகள் மொய்த்திருந்தன; சில வழி தெரியாமல் தட்டில் சுற்றிச் சுற்றி ஓடின. அவர் வெகுநேரம் எறும்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மைத்துனர் கொட்டாவி விட்டார்.

அப்போது அப்பா ஊரிலிருந்து பையும் கையுமாக வந்து நின்றார். எல்லோரையும் உட்காரச் சொல்லிவிட்டு நிதானம் பேசினார்.

"கற்பூர வாசம் இருக்கிற இடத்துக்கு எறும்பு வராது. இங்கே எறும்பு கூட்டமா உள்ளே வந்து சேர்ந்த பிறகுதான் கற்பூரம் வந்திருக்கு. அதான் வழி தெரியாம ஓடுது. வில்லையும் கரையலை. இன்னிக்குக் காலையில வெச்சது இது. பெரியவர் அப்போ ஊர்லயே இல்லை. அதைவிட முக்கியம், நோயாளிங்க சாப்பிட்ட எந்த உருண்டையும் கற்பூரத்தைப் பார்க்கலை. உங்க சோதனை செல்லும்மா."

டாக்டரம்மா அப்பாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலை குனிந்தாள்.

"அப்போ வெச்சது யாரு?" என்றார் மைத்துனர்.

"முடிவே வெளிய வரக் கூடாதுன்னு யார் நினைப்பாங்க? அதை முன்னாடியே தெரிஞ்சவங்க. மருந்து கட்டற அக்காவுக்கு மூடி தெரியும், வலி குறைஞ்சுதான்னு தெரியாது. நோயாளிங்க சொன்னது எல்லாம் ஒருத்தருக்குத்தான் தெரியும்."

கணவர் மெதுவாக எழுந்தார். "சிவப்போ வெள்ளையோ, எல்லாரும் ஒரே அளவுதான் குறைஞ்சுதுன்னாங்க சார். எது இவ மருந்தா இருந்தாலும் ஜெயிக்கலை. ஊரைக் கூட்டி வெச்சு இவ தோத்துப்போறதை என்னால பார்க்க முடியாது. மாமனார் மேல பழி விழும்னு சத்தியமா யோசிக்கலை."

"நான் ஜெயிக்கறதுக்காகவா ஆறு மாசம் கண்ணைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்தேன்?" என்றாள் அவள். பிறகு அப்பாவிடம் போய், "உங்களைச் சந்தேகப்பட்டேன்பா," என்றாள். அவர் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாலையில் அரங்கு நிறைந்திருந்தது. அவள் மேடையேறி, "என் புது மருந்து பழைய மருந்தைவிட மேல் இல்லை," என்று நேராகச் சொல்லி, எல்லாக் கணக்கையும் திரையில் காட்டினாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். நிதானத்துக்கோ அவளை நினைத்து நெஞ்சு நிறைந்தது.

முன்வரிசையிலிருந்து அப்பா எழுந்தார்.

"ரெண்டும் சமம்னு இவ சொல்லிட்டா. அதோட நிறுத்தக் கூடாது. அடுத்த தடவை மூணாவதா வெறும் சர்க்கரை உருண்டையையும் சேர்த்துப் பார்க்கணும். என் மருந்து அதையாவது ஜெயிக்குதான்னு எனக்கே தெரியணும்."

மேடையில் அவள் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை அப்பாவிடம் கேட்க அவளுக்கு இத்தனை வருடம் துணிச்சல் வந்ததில்லை.

"தோத்துட்டா உங்க பேர் என்ன ஆகும் ஐயா?" என்றது பின்வரிசைக் குரல்.

"நடத்தப்போறது என் பொண்ணு," என்றார் அப்பா. "அவ என்ன முடிவு சொன்னாலும் கீழே கையெழுத்துப் போடுவேன்."