பொட்டு வெச்ச பச்சக் கண்ணாடி

அரிசி டிரம்மு மூடியத் தொறந்ததும் தேவயானி கண்ணுல மொதல்ல பட்டது அந்தச் செவப்புதான். பச்சையா இருக்கவேண்டிய கண்ணாடி அது. யாரோ இப்பத்தான் வாய வெச்சு 'ஹா'ன்னு ஊதிட்டுப் போனாப்போல நடுவுல ஒரு செவப்பு வட்டம். பூட்டுன குவார்ட்டர்ஸ், பட்டப்பகல் மூணு மணி, சாவி இவ கையில. அப்ப ஊதுனது யாரு?

இருங்க, ஊதுனா எதுக்குச் செவக்கணும்னு கேப்பீங்க, சொல்லிடறேன். இவ வேல பாக்கற லேபுல கண்ணாடிக்கு நெறம் வர வெப்பாங்க, ஒரு சொட்டு சாயம் இல்லாம. தலமுடி கனத்த முந்நூறா பொளந்தா வருமே, அத்தினிக்கூண்டு உருண்டைங்க பாலாட்டம் தண்ணியில மெதக்கும். அதுல கண்ணாடித் துண்ட நிக்க வெச்சுட்டா, தண்ணி காயக் காய, கடையில ஆரஞ்சுப் பழம் அடுக்குனாப்போல உருண்டைங்க வரிசையா ஏறி ஒக்காந்துக்கும். வரிச சரியா வுழுந்தா வெளிச்சத்துல பச்ச மின்னும். மூச்சு பட்டா ஈரம் சந்துல பூந்து செவப்பாயிடும். பத்து எண்றதுக்குள்ள காஞ்சு மறுபடி பச்ச.

ஆனா சூடு ஏறக் கூடாது, ஈரம் மாறக் கூடாது, மேச அதிரக் கூடாது. தேவயானி மேசயில மூணும் நடக்கும். பக்கத்து மைன்ஸ்ல வெடி வெச்சா மேச நடுங்கும். சீக்கிரம் காயட்டும்னு சூடு காட்டுனா படலம் வெடிக்கும்.

"இன்னாக்கா, உங்குளுது மட்டும் வறண்ட ஏரியாட்டம் பாளம் பாளமா இருக்குது?" லேபுல சாமான் கழுவற வேணு அன்னிக்கும் சிரிச்சான். "மணிமொழி அக்காவுத பாருங்க, மயிலு கழுத்து!"

மணிமொழி. வந்து ஒன்றர வருசம்தான். இவ ஆறு வருசமா கான்ட்ராக்ட். இருக்கறதோ ஒரே ஒரு பர்மனென்ட் போஸ்ட்டு, திங்கக்கெழம யார் கண்ணாடி தேறுதோ அவங்களுக்கு. அந்தப் பொண்ணு டிபன் பாக்ஸத் தொறக்கற சத்தம் கேட்டாலே இவளுக்கு வயிறு எரியும். அவ கண்ணாடியப் பாத்துப் பாத்து வுட்ட பெருமூச்சுக்குக் கணக்கே கெடையாது.

நேத்துதான் ரகசியம் வெளிய வந்துச்சு. அம்மாவுக்கு முடியலன்னு வடலூருக்கு ஓடறப்ப மணிமொழி சாவியக் குடுத்தா.

"வூட்டு அரிசி டிரம்முலதாங்க்கா வளக்கறேன். அரிசி ஈரத்த ஒரே மாதிரி வெச்சுக்கும், அதிரவும் வுடாது. நாளைக்கு மூணு மணிக்கு எடுத்து டப்பியில போட்டுடுங்க. உங்கள வுட்டா யார நம்புவேன்? மூலயில இருக்கற பொட்ட மட்டும் அழிச்சிடாதீங்க."

கண்ணு படக் கூடாதுன்னு ஒவ்வொரு கண்ணாடிக்கும் மார்க்கர்ல கறுப்பா திருஷ்டிப் பொட்டு வெப்பா அவ. லேபே சிரிக்கும்.

தேவயானி முந்தானையால வாயப் பொத்திக்கினு குனிஞ்சா. பழைய அரிசி வாசன, காஞ்ச மொளகா நெடி, எங்கியோ தூரத்துல மைன்ஸ் கன்வேயர் ஓடிக்கினே இருக்கற முனகல். செவப்பு மெதுவா சுருங்கி, மஞ்சளாகி, பச்சையாச்சு. அப்பாடான்னு நிமுந்தா. மறுபடியும் நடுவுலேர்ந்து செவப்பு விரிஞ்சுது. மூச்சப் புடிச்சுக்கினா. அப்பவும் விரிஞ்சுது. ஃபேன் ஓடல, ஜன்னலும் சாத்தித்தான் இருக்குது.

ஈரம் ஏறி எறங்குது, அவ்ளோதான்னு சொல்லிக்கினா. கையில எடுத்தா. ஒரு விரிசல் இல்ல. என்னா அழகு! இது என் பேர்ல இருந்தா? டப்பியில, கைப்பையில கெடந்த தன்னோட படலம் வெடிச்ச கண்ணாடியப் போட்டா. மணிமொழி கண்ணாடியில இருந்த பொட்ட எச்சி தொட்டுக் கட்ட வெரலால தேச்சா. போயிடுச்சு.

போனு அடிச்சுது. மணிமொழி.

"எடுத்துட்டீங்களாக்கா? பொட்டு இருக்குதுல்ல?"

"இருக்குதுடி. ஆனா படலம் வெடிச்சுப் போச்சு, பாவம்."



"அக்கா, பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லியே."

"யாரோ பெருமூச்சு வுடறாங்க. போனுக்குக் கிட்ட. நல்லாக் கேக்குது."

லைன் கட்டாச்சு.

வூட்ல ஃபிரிட்ஜு சத்தம் நின்னுச்சு. கன்வேயர் முனகலும் கேக்கல. கேட்டது ஒண்ணுதான். இழுத்து வுடற மூச்சு. இவ கையில இருந்த கண்ணாடியிலேர்ந்து.

தெரிஞ்ச மூச்சு. ஒன்றர வருசமா லேபுல மணிமொழி கண்ணாடியப் பாத்து இவ வுட்டது.

கண்ணாடிய சமையல் மேடையில வெச்சா. பயத்துல வாயத் தொறந்து அது மேல 'ஹா'ன்னு ஊதுனா. பச்ச அப்பிடியே இருந்துச்சு. மறுபடியும் ஊதுனா. பச்சதான்.

எவர்சில்வர் தட்ட எடுத்தா. ஊதுனா. ஆவி படியல.

நெஞ்சுல கைய வெச்சா. ஏறல. எறங்கல.

கத்தப் பாத்தா. கத்தறதுக்குக் காத்து இல்ல.

தட்டுல இவ மொகம் பளிச்சுன்னு தெரிஞ்சுது, தொறந்த வாயோட. பக்கத்துல கண்ணாடி. செவப்பு. பச்ச. செவப்பு. நிதானமா, நல்லாத் தூங்கற ஆளாட்டம்.