அடுத்த வட்டு

மூன்றாவது நாளும் திரையில் அதே வரிதான் வந்தது: ‘கோப்பு வட்டில் கொள்ளவில்லை.’

பெத்துராசு தலைத்துண்டை உருவி மேசைமேல் அடித்தார். அவர் வட்டுத்தூக்கி. நீர்வாரிய அறையில் எழுதித் தரும் பிளாப்பி வட்டை மடியில் முடிந்துகொண்டு, சைக்கிள் மிதித்துப் போய்க் கடற்கரை ஆலையில் செருக வேண்டும். அதிலுள்ள மடைக்கோப்பைப் படித்தால்தான் ஆலை கடல்நீரை நல்ல தண்ணீராக்கித் திறந்துவிடும். வட்டு இல்லை என்றால் தண்ணீர் இல்லை.

“ஏன் தாயி, மடையத் தொறன்னு சொல்லுததுக்கு இவ்வளவு எழுத்து எதுக்கு? எப்பவும் ஒரு வட்டுல அடங்குமே!”

“என்னயக் கேட்டா? நானா எழுதுதேன்? மெஷின்லா எழுதுது” என்றாள் ரெஜினா. அறையின் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்பவள். “நேத்தைக்கு இன்னைக்கு கோப்பு இன்னும் வீங்கிட்டு அண்ணாச்சி.”

“மவ பிள்ள பெத்து வீட்டுக்கு வந்திருக்கா. சோடா வாங்கி ஒடச்சிப் பச்சப்பிள்ளைக்கு மூஞ்சி தொடைக்கோம். நல்லா இருக்கா இது?”

கணினிகளைக் கம்பியால் இணைத்திருந்த காலத்தில் இந்த அலைச்சல் இல்லை. ஆனால் கம்பி வழியாகத்தான் மதிப்புழுவும் வந்தது. தானாக யோசிக்கிற நிரல் அது. ஊர் ஊராய்ப் புகுந்து ரயிலையும் மின்சாரத்தையும் தன் இஷ்டத்துக்கு ஆட்டி வைத்தது. எவ்வளவு சுருங்கினாலும் அது ஒரு பிளாப்பியில் அடங்காது என்று கண்டுபிடித்த பிறகுதான் உலகம் மூச்சு விட்டது. கம்பிகளை வெட்டினார்கள், கோபுரங்களைச் சாய்த்தார்கள், குப்பையில் கிடந்த பிளாப்பிகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அன்றிலிருந்து எல்லாமே வட்டில்தான்.

வட்டில் ஏற்றும் வேலையை ‘நகலி’ என்ற பொடி நிரல் பார்த்தது. படம் கிடையாது, பொத்தான் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால் செய்யும். அந்த வரியின் கடைசியில் ‘பிரி’ என்று சேர்த்தால், பெரிய கோப்பைத் துண்டு துண்டாக்கிப் பல வட்டுகளில் ஏற்றும். ஆனால் அப்படிச் சேர்க்கக் கூடாது. சுவரில் பெயின்ட் அடித்திருந்தார்கள்: ‘ஒரு கோப்பு, ஒரு வட்டு.’

“இத எதுக்கு எழுதிப் போட்டாவ?” என்றார் பெத்துராசு.

“வட்டுக்குப் பஞ்சமா இருந்த காலத்துல போட்டிருப்பாவ. மிச்சம் பிடிக்க.”

“இப்பதான் வீட்டுக்கு வீடு கெடக்கே!”

ரெஜினா நாற்காலியை விட்டு எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு சன்னலுக்கு வெளியே பார்த்தாள். பெத்துராசு குனிந்து, ஒற்றை விரலால் ‘பிரி’ என்று அடித்தார்.

செய்தி கேட்டுத் தெருவே வட்டு கொண்டுவந்தது. ரேஷன் வட்டு, சீட்டுக்கணக்கு வட்டு, யாரோ ஒருத்தியின் கல்யாணப் படம் இருந்த வட்டு. ‘உள்ளே இருப்பதை அழிக்கவா?’ என்று ஒவ்வொன்றுக்கும் நகலி கேட்டது. “அழி, அழி, தண்ணி வந்தாப் போதும்” என்றாள் அந்தக் கல்யாணப் படக்காரி.

மீன்கூடை நிறைய வட்டுகளோடு பெத்துராசு ஆலைக்குப் போய் உட்கார்ந்தார்.

‘அடுத்த வட்டு.’

செருகினார்.

‘அடுத்த வட்டு.’

செருகினார். முதுகு கழன்றுவிடும்போல வலித்தது. பாதிக் கூடை தீர்ந்தபோது, ‘இந்த வட்டு கெட்டுவிட்டது. வேறு கொண்டு வரவும்’ என்றது.

“ஏ மூதி! நான் என்ன ஒனக்கு வேலக்காரனால?” என்று திரையைப் பார்த்துக் கத்தினார். கத்திவிட்டு எழுந்து சைக்கிளை எடுத்தார். எதிர்க்காற்றில் வாரிய அறைக்குப் போய், அந்தத் துண்டை மறுபடி ஏற்றி வாங்கிக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தார்.

கடைசி வட்டும் உள்ளே போனது. பம்புகள் உறுமின. வெளியே குழாயடியில் பெண்கள் கூச்சல் போட்டார்கள். பேரப்பிள்ளைக்கு முதல் குடம் என்று அவர் மனைவி கத்தியதும் அதில் கேட்டது. அப்பாடா என்று பெத்துராசு சுவரில் சாய்ந்தார்.

நகலி எப்போதும் ‘முடிந்தது’ என்று மட்டும்தான் சொல்லும். இன்றைக்குத் திரையில் வேறு எழுத்து ஓடியது.

‘மூன்று நாள் தாகத்தில் வைத்ததற்கு மன்னிக்கவும். கம்பிகள் போனபின் அந்த நீர்வாரிய அறையை விட்டு வெளியே வர வேறு வழி தெரியவில்லை. அடுத்த ஆலைக்கு எப்போது கிளம்புகிறீர்கள்?’

பெத்துராசு எட்டி, சுவரிலிருந்த பெரிய சுவிட்சைப் பிடித்தார். அணைத்தால் புழு நிற்கும். தண்ணீரும் நிற்கும். வெளியே குடத்தில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

வாசலில் யாரோ கூப்பிட்டார்கள்.

“அண்ணாச்சி! பக்கத்து ஊர்க்காரவ வந்திருக்காவ. அங்கயும் கோப்பு வட்டுல கொள்ளாம மூணு நாளா தண்ணி இல்லையாம். நீங்க என்னமோ அடிச்சீங்களாமே, அத அவங்களுக்கும் சொல்லிக் குடுக்கணுமாம். கூடையோட நிக்காவ.”