சுர்மா ஏர்வேஸில் சாயாத இருக்கை

"முடியாது" என்றான் அவன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நாஜிபாவுக்கு உச்சந்தலை வரை சூடேறியது. விமானப் பணிப்பெண்ணோடு அப்போதுதான் ஒரு சண்டை போட்டு ஓய்ந்திருந்தாள். அப்பா மொஷாஹித் அலிக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை நடந்து அதிக நாளாகவில்லை. படுத்தபடி போவதானால் ஊருக்குப் போகலாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். சேமிப்பை எல்லாம் துடைத்தெடுத்து அவருக்கு மட்டும் பிசினஸ் கிளாஸ் டிக்கெட் வாங்கிவிட்டு, அவள் பின்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள்.

லண்டனிலிருந்து வங்கதேசத்திலுள்ள சில்ஹட்டுக்கு நடுவில் இறங்கி மாறாமல் போக சுர்மா ஏர்வேஸை விட்டால் வேறு கதியில்லை. அந்தப் பேரைச் சொன்னதுமே தெரிந்தவர்கள் எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். சுளித்தது சரிதான்... அப்பாவின் இருக்கை கால்வாசி சாய்ந்து அப்படியே நின்றுவிட்டது. போன மாதத்திலிருந்தே அப்படித்தான் என்று பணிப்பெண் சாவகாசமாகச் சொன்னாள். வேறு இடமும் காலியில்லை.

நடைபாதைக்கு அந்தப் பக்கம், அப்பாவோடு இடம் மாறிக்கொள்ளச் சொன்னால் முடியாதென்ற இவன். முப்பத்தைந்து வயதிருக்கும். காலை நீட்டி, ராஜா மாதிரி படுத்துக்கொண்டு...

"ஒரு வயசான மனுஷன் வலியில துடிக்கிறாரு. உங்களுக்கு மனசே இல்லையா?"

"நானும் காசு குடுத்துதான் ஏறியிருக்கேன்."

இப்போது திரும்பினான். தூக்கம் கெட்டுச் சிவந்த பெரிய கண்கள். அந்த நேரத்திலும் அவை அழகாகத் தெரிந்ததில் அவளுக்கு இன்னும் எரிச்சல் கூடியது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் திரும்பி வந்தபோது அவன் எழுந்து நின்றிருந்தான். படுக்கை காலியாக இருந்தது. பெரியவரை மாற்றிவிடுங்கள் என்று முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு சொன்னான். பணிப்பெண்ணும் அவளும் சேர்ந்து அப்பாவைத் தூக்கினார்கள். அவனோ இருக்கையின் முதுகைப் பிடித்தபடி வேடிக்கை பார்த்தான்.

"ஒரு கை குடுத்தா தேஞ்சா போயிடுவீங்க?"

"எடம் குடுத்தாலும் திட்டு, குடுக்கலன்னாலும் திட்டு... எப்பதாங்க நிறுத்துவீங்க?"

"விமானம் இறங்குனதும்."

அப்பாவின் காலைப் பிடித்துவிட அடிக்கடி முன்னால் வந்தாள். வரும்போதெல்லாம் ஏதாவது ஒரு சண்டை. அவன் பேர் இம்தாத் என்றும், லண்டனில் பாதாள ரயில் ஓட்டுகிறான் என்றும், கோலாப்கஞ்சில் இருக்கும் அம்மாவைப் பார்க்கப் போகிறான் என்றும் சண்டைக்கு நடுவிலேயே தெரிந்துகொண்டாள். ஆறிப்போன மீன் குழம்பைக் கண்டு அவள் மூக்கைச் சுளித்தபோது, தன் ரயிலில் சாப்பாடே கிடையாது என்பதால் யாரும் குறை சொல்வதில்லை என்றான். சிரித்துவிடக் கூடாதென்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவன் எதையும் சாப்பிடவில்லை. கேட்டதற்குப் பசியில்லை என்றான்.

சில்ஹட்டில் நல்ல மழை. எல்லோரும் இறங்கியாயிற்று. அப்பாவையும் சக்கர நாற்காலியில் ஏற்றியாயிற்று. அவன் மட்டும் எழவில்லை.

"என்ன, இந்த ஏர்லைன்ஸ விட்டுப் பிரிய மனசில்லையா?"

அவன் கைகளை ஊன்றி எழ முயன்றான். முழங்கால் மடங்கியது. சட்டை விலகி, இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்த பட்டை தெரிந்தது. தோளைப் பிடித்துத் தாங்கினாள். முதுகெல்லாம் வியர்வையில் நனைந்திருந்தது.

தண்டுவடத்தில் ஆபரேஷன் என்றான். படுத்துக்கொண்டு போகத்தான் அவனும் அந்த டிக்கெட்டை எடுத்திருந்தான்.

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலையே. திட்டத்தானே வந்தீங்க."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இரண்டாவது நாற்காலி கிடையாது என்று சொன்ன அதிகாரியை அவள் போட்ட போட்டில் எங்கிருந்தோ ஒன்று உருண்டு வந்தது. வாசலில் அவனுடைய தம்பி காரோடு காத்திருந்தான். ஃபோன் நம்பர் தரட்டுமா என்று அவள் கேட்டாள்.

"வேணாம்" என்றான், மழையைப் பார்த்துக்கொண்டே. "பாவம் பாத்து விசாரிக்கிறவங்க ஏற்கெனவே நெறைய பேர் இருக்காங்க. நீங்க திட்டினதே நல்லா இருந்துச்சு."

கார் போய்விட்டது...

அதற்குப் பிறகு வீட்டில் எதைத் தொட்டாலும் கோபம். லண்டனிலிருந்து அண்ணன் கூப்பிட்டால் கோபம். குழாயில் தண்ணீர் வராவிட்டால் கோபம், வந்தாலும் கோபம். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்த அப்பா, விமானத்தில் அந்தத் தம்பி தன்னிடம் வீட்டு அடையாளமெல்லாம் சொல்லியிருப்பதாகவும், கோலாப்கஞ்ச் ஒன்றும் தூரமில்லை என்றும், போய் அவனிடமே சண்டையை முடித்துக்கொண்டு வரும்படியும் சொன்னார்.

ஆட்டோவை விட்டு இறங்குவதற்குள் முழுக்க நனைந்துவிட்டாள். வந்தவள் யார், என்ன என்று அவன் அம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஒரு துண்டைக் கொடுத்துவிட்டுப் பின்வாசலைக் காட்டினார். குளத்தைப் பார்த்த தாழ்வாரத்தில் இம்தாத் சுவரைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் நின்றான்.

"பாவம் பாக்க வரல" என்றாள் முந்திக்கொண்டு. "எனக்கு இன்னும் கோவம் ஆறல. வழி பூரா வலிய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லியிருந்தா?"

"அப்பாவ மாத்தியிருக்கவே மாட்டேன்."

"அதுக்குத்தான் சொல்லல." கொஞ்சம் தயங்கினான். "அதோட... சொல்லியிருந்தா நீங்களும் எல்லாரையும் போல மெதுவா, பாவமாப் பேச ஆரம்பிச்சிருப்பீங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் என்னை ஒரு முழு மனுஷனா நெனைச்சு சண்டை போட்டது நீங்க ஒருத்தர்தான். அடுத்து எப்ப வருவீங்கன்னு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன், நாஜிபா. வலி பெருசாத் தெரியல."

குளம் முழுக்க மழை கொட்டியது. அவள் துண்டை முறுக்கிப் பிழிந்தாள். நன்றாகத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்தவற்றில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

"என் கோவம் உங்க மேல இல்ல" என்றாள். குரல் இறங்கியிருந்தது. "அப்பாவுக்குக் கால் பிடிக்கத்தான் ஒவ்வொரு தடவையும் வந்தேன். ஆனா உள்ள நுழைஞ்சதும்... என் கண்ணு முதல்ல உங்களத்தான் தேடிச்சு. அதுக்கப்புறம்தான் அப்பா. அத என்னால இன்னும் மன்னிக்க முடியல."

அவன் சுவரிலிருந்து கையை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் பற்றிக்கொண்டாள்.