ரெனாட்டாவுக்கு எதிர் நாற்காலி

மேசையில் கத்தி இல்லை. முள்கரண்டி இருந்தது, கரண்டி இருந்தது, கஞ்சி போட்டு விறைப்பாக மடித்த வெள்ளைத் துணி இருந்தது, கண்ணாடிக் கிளாசில் தண்ணீர்கூட விளிம்பு வரை நிரப்பி வைத்திருந்தார்கள். கத்தியை மட்டும் காணோம். ஒர்னெல்லா கழுத்தை நீட்டி மற்ற மேசைகளைப் பார்த்தாள். எல்லோருக்கும் இருந்தது.

"வீட்டோ, எனக்கு ஒரு கத்தி குடு."

"எங்கம்மா சமைச்ச கறிக்குக் கத்தியா? சத்தமாக் கேக்காத. அவங்க காதுல விழுந்துச்சுன்னா அந்தக் கத்தியோடயே வெளிய வருவாங்க."

வீட்டோ தொப்பை குலுங்கச் சிரித்துவிட்டு, கையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நகர்ந்துபோனான். கத்தி வரவில்லை.

அன்று கல்லறைத் திருநாள். பூசை முடிந்த கையோடு தெற்கு ஃபிலடெல்ஃபியாவில் பாதிப் பேர் கார்டோனே குடும்பத்தின் சாப்பாட்டுக் கடைக்குள் வந்து அடைந்திருந்தார்கள். நனைந்த கம்பளிக் கோட்டுகளின் முடை நாற்றமும், பூண்டு பொரியும் வாசனையும், விடியற்காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருக்கும் சிவப்புக் குழம்பின் புளிப்பும், கல்லறைத் தோட்டத்திலிருந்து காலணிகளில் ஒட்டிக்கொண்டு வந்த ஈர மண்ணின் வாடையும் ஒன்றாகக் கலந்து, தாழ்ந்த தகரக் கூரைக்குக் கீழே கனத்துக் கிடந்தன. கிழவர்கள் ஒருவர் பேச்சை ஒருவர் கேட்காமல் கத்தினார்கள். சமையலறைக்குள் யாரோ மரக்கட்டையின் மேல் இறைச்சியைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வோர் அடிக்கும் ஒர்னெல்லாவின் கிளாசில் தண்ணீர் நடுங்கியது. தட்டுவது தம்பி சில்வியோவாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அவனை அழைத்துப்போகத்தான் வந்திருந்தாள். இந்த வீட்டுப் பெண் ரெனாட்டாவைக் கட்டிக்கொண்டவன் அவன். ரெனாட்டாவுக்குத் தொண்டையில் புற்று வந்து, கடைசி மாதங்களில் ஒரு வாய் சூப்கூட விழுங்க முடியாமல், அவள் ஈஸ்டருக்கு முந்தைய வாரம் செத்துப்போனாள். அன்றிலிருந்து மாமியார் அசுந்தா, வீட்டோவின் அம்மா, மருமகனை வெளியே விடவில்லை. மாடியில் படுக்கை, கீழே அடுப்பு, அதற்கு மேல் அவனுக்கு உலகம் கிடையாது. தொலைபேசியில் கேட்டால் "வேலையா இருக்கான்" என்பார்கள். நேற்று அவனே கூப்பிட்டு, "அக்கா, நாளைக்கு மதியம் வந்து என்னைக் கூட்டிட்டுப் போயிடு" என்று அழுதான். காரை வாசலிலேயே நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள். அவன் இல்லாமல் திரும்புவதாக இல்லை.

சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு இப்படி ஒரு வரவேற்பு கிடைக்கும் என்று யார் கண்டார்கள்? இத்தாலியின் தென்கோடிக் கலாப்ரியாக்காரி என்ற இளக்காரத்தில் கல்யாணத்தன்று அவளைக் கழிப்பறைக்குப் பக்கத்தில் உட்காரவைத்த நேப்பிள்ஸ்காரக் குடும்பம் இது. இன்றைக்கு அசுந்தா மாவு படிந்த கையோடு ஓடிவந்து இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, சமையலறைக் கதவை ஒட்டி இருவருக்கென்று விரித்திருந்த மேசைக்கு அவளைக் கூட்டிப்போனாள். அது குடும்ப மேசை. பங்குச் சாமியாரைக்கூட அதில் உட்காரவைத்ததில்லை. ஒர்னெல்லாவுக்கு, வெட்கத்தை விட்டுச் சொன்னால், பெருமை தாங்கவில்லை.

"எதிர்ல யாருக்கு, அத்தை?"

"நீ உக்காரு கண்ணு. எங்க மேசைல யாரையும் தனியாச் சாப்பிட விடமாட்டோம்."

கதவை முதுகால் தள்ளிக்கொண்டு சில்வியோ வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். முன்கை முழுக்க எண்ணெய் தெறித்த தழும்புகள். அக்காவின் முகத்தைப் பார்க்காமலே தட்டை வைத்தான்: பாஸ்தா, அதன் மேல் சுருட்டி நூல் கட்டிக் குழம்பில் வேகவைத்த மாட்டிறைச்சி. அதே போல இன்னொரு தட்டை எதிர்ப்பக்கமும் வைத்தான்.

"டேய், கோட்டைப் போடு. கிளம்பலாம்."

"முதல்ல சாப்பிடுக்கா."

"சாப்பாடு கெடக்கட்டும். நீ வா."

"நீ இந்த மேசைல உக்காந்து சாப்பிட்டா என்னை விட்டுடறதா அத்தை சத்தியம் பண்ணிருக்காங்க. ரெனாட்டா கல்லறை மேல கைய வெச்சு. சாப்பிடுக்கா. எனக்காக."

அவன் உதடு துடித்தது. இவ்வளவுதானா விலை? ஒரு தட்டுச் சாப்பாடு. முள்கரண்டியை எடுத்தாள். சில்வியோ அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் விழுங்கியதும் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

கறி வெண்ணெயாகக் கரைந்தது. கத்தி கேட்டதற்கே அவளுக்கு வெட்கமாக இருந்தது. குழம்பில் துளசி மணத்தது, பன்றிக்கொழுப்பு மணத்தது, அதற்கும் அடியில் வேறு ஏதோ ஒன்று, பூ வாடிக் கிடக்கும் அறையில் வருமே, அந்த இனிப்பு. அதையும் சேர்த்தே விழுங்கினாள். சீக்கிரம் முடித்தால் சீக்கிரம் போகலாம்.

தண்ணீரை எடுக்கப்போனபோதுதான் கவனித்தாள். உள்ளே இறைச்சி தட்டும் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் தண்ணீர் ஆடவில்லை. கண்ணாடிக்குள் உறைந்தாற்போல நின்றது. நிமிர்ந்து பார்த்தால் எதிர்த் தட்டில் கறி குறைந்திருந்தது.

வீட்டோ எடுத்துத் தின்றிருப்பான், பெருந்தீனிக்காரன். அப்படித்தான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஜன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்தாள். மறுபடி எதிர்த் தட்டைப் பார்த்தாள். இன்னும் குறைந்திருந்தது. நூல் மட்டும் அவிழ்ந்து, ஈரமாக, தட்டின் ஓரத்தில் ஒதுக்கப்பட்டிருந்தது.

அப்போதுதான் அம்மாவின் நினைவு வந்தது. அவர்கள் வீட்டிலும் இந்த நாளில் செத்தவர்களுக்கு மேசை விரிப்பதுண்டு. ஆனால் அது ராத்திரியில், எல்லோரும் படுத்த பிறகு, வெறும் ரொட்டியும் தண்ணீரும் வைத்து. வருகிறவர்கள் கையை அறுத்துக்கொள்ளக் கூடாதென்று அம்மா வீட்டிலிருந்த கத்தியை எல்லாம் ஒளித்துவைப்பாள். விடியும் வரை யாரும் அந்த மேசைப் பக்கம் போகக் கூடாது. நடு மதியத்தில், நாலு பேர் சிரித்துப் பேசும் கடையில், சுடச்சுடக் கறியோடு இந்த மேசையை விரிப்பார்கள் என்று கலாப்ரியாக்காரிக்கு எப்படித் தெரியும்?

"வீட்டோ!"

வீட்டோ அவள் தோளை உரசிக்கொண்டு போனான். திரும்பவில்லை.

"வீட்டோ, இங்க பாரு!"

பக்கத்து மேசைக்குப் புதிதாக வந்த பெண்மணி ஒருத்தி நனைந்த கோட்டைக் கழற்றினாள். சுற்றும் முற்றும் பார்த்தாள். அதை ஒர்னெல்லாவின் நாற்காலி முதுகில், ஒர்னெல்லாவின் தலையோடு சேர்த்து, போட்டாள். குளிர்ந்த கம்பளி முகத்தில் விழுந்தது. மழைநீர் கழுத்து வழியே முதுகுக்குள் இறங்கியது. கையால் தள்ளினாள். கோட்டு கீழே விழுந்தது. "யப்பா, என்ன காத்து!" என்று அந்தப் பெண்மணி சிரித்தாள்.

எழ முயன்றாள். முழங்கால் கேட்கவில்லை.

கிழவர்களின் பேச்சு தூரத்துக்குப் போனது. பிறகு தட்டுகளின் சத்தம். பிறகு மழை. வாய்கள் அசைந்தன, சத்தம் இல்லை. ஒரே ஒரு சத்தம் மட்டும் கிட்டத்தில் கேட்டது. மேசைக்கு அந்தப் பக்கம். மெல்லுகிற சத்தம். மென்று, மென்று, கஷ்டப்பட்டு, விழுங்குகிற சத்தம்.

அசுந்தா வந்தாள். அவள் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. சிலுவை போட்டுக்கொண்டு, எதிர் நாற்காலியைப் பார்த்துக் குனிந்தாள்.

"இறங்குதா கண்ணு? வலிக்கலியே? எத்தனை மாசமாச்சு நீ வாய் நிறையச் சாப்பிட்டு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இன்னும் வேணும்னா கேளு. கூச்சப்படாத. எதிர்லயே இருக்கு."

"அத்தை, நான் இருக்கேன்! அத்தை!"

அசுந்தா ஒர்னெல்லாவின் பக்கம் திரும்பினாள். கசாப்புக் கடையில் ஆட்டிறைச்சி வாங்குகிறவள் பார்க்கும் பார்வை. தோளிலிருந்து முழங்கை வரை அளந்து பார்த்துவிட்டு, திருப்தியாகத் தலையாட்டினாள்.

சில்வியோ கோட்டு மாட்டிக்கொண்டு வந்தான். நாற்காலிக்குக் கீழே கிடந்த ஒர்னெல்லாவின் கைப்பையைத் திறந்து கார் சாவியை எடுத்தான்.

"டேய், தம்பி. டேய். என்னைத் தூக்குடா."

குனிந்த வாக்கிலேயே நின்றான். அவன் மூச்சு அவள் காதில் பட்டது.

"இல்லேன்னா அத்தை என்னைத்தான் உக்கார வெச்சிருப்பாங்கக்கா," என்றான்.

"யாருகூடடா பேசுற?" என்று கேட்டாள் அசுந்தா. "அங்க யாரு இருக்கா?"

சில்வியோ நிமிர்ந்தான். அக்காவின் கண்ணை நேராகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே சொன்னான்.

"யாருமில்ல, அத்தை."

"அப்ப கிளம்பு. மழை விடறதுக்குள்ள போயிடு. பசியாறினதும் ரெனாட்டா வீட்டுக்காரன் எங்கேன்னு தேட ஆரம்பிச்சிடப்போறா."

கதவு திறந்தது. மூடியது. மழைக்குள் காரின் விளக்கு எரிந்து, திரும்பி, போய்விட்டது. அவள் கத்தினாள். கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

எதிர்த் தட்டு காலியாகிவிட்டிருந்தது. அதன் மேல் விரல்கள் தெரிந்தன. முதலில் விரல்கள். பிறகு கை. பிறகு கழுத்து; அதில் டாக்டர்கள் போட்ட துளை, விளிம்பில் சிவப்புக் குழம்பு. பிறகு வாய்.

ரெனாட்டா அழகாகத்தான் சிரித்தாள். மேசைக்குக் குறுக்கே கையை நீட்டி ஒர்னெல்லாவின் வலக்கையைப் பிடித்து இழுத்தாள். பிடி ஜில்லென்று இருந்தது. எதிர்க்க முடியவில்லை. அந்தக் கையைத் தன் காலித் தட்டின் நடுவில், உள்ளங்கை மேலே பார்க்க, பதமாக வைத்தாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்து விட்டாள்.

பக்கத்து மேசையில் யாரோ கோப்பையை உயர்த்தினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டோ வந்து, தன் அக்கா ரெனாட்டாவுக்குப் பிடிக்குமே என்று, துருவிய சீஸ் கிண்ணத்தை அவளுக்கு எட்டும்படி நகர்த்தி வைத்துவிட்டுப் போனான்.

ரெனாட்டா ஒரு கரண்டி அள்ளி, ஒர்னெல்லாவின் விரல்கள் மேல் தாராளமாகத் தூவினாள்.