பிரிட்ஜிலிருந்து போன மாத்திரை

காலை 9.10. விளாங்குடியில் சோணையம்மாளின் மாத்திரைகளைக் காணவில்லை.

பிரிட்ஜில் ஒரு டப்பா, அலமாரியில் ஒரு டப்பா, இரண்டும் மாயம். அலமாரியில் பக்கத்திலேயே கிடந்த தங்கச் சங்கிலியை எவனும் தொடவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் தாமரைச்செல்விக்குத் தலை சுற்றியது. இது என்ன கேடுகெட்ட திருட்டு?

"உள்ளங்கால்ல கருப்பா ஒரு மச்சம், மேடம். தோல் புற்றுநோயாம். நுரையீரல் வரைக்கும் போயிருச்சு," என்றான் புகார் கொடுத்த மகன் அழகுபாண்டி. அம்மாவைப் பார்க்க அன்று காலைதான் அவனியாபுரத்திலிருந்து வந்தவன். "கட்டியோட மரபணுவுல ஒரு மாற்றம் இருக்கு. அது இருக்கவங்களுக்கு மட்டுந்தான் இந்த மாத்திரை கேக்கும். மூணு வாரத்துல இருமல் கொறஞ்சுச்சு. இது இல்லைன்னா அம்மா பொழைக்காது."

அடுத்தவர் நோய்க்கு ஆகாத மருந்தை எடுத்து என்ன செய்வான் திருடன்? அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

9.40. சோணையம்மாளின் கணவர் காளையை விசாரித்தாள்.

"கடைசியா எப்பய்யா குடுத்தீங்க?"

"நெனவில்லத்தா."

"வெளியாள் வந்தாங்களா?"

"யாரும் வரல."

"பின்ன டப்பா நடந்தா போச்சு?"

பெரியவர் கட்டில் பக்கம் திரும்பி மனைவியின் போர்வையைச் சரிசெய்தார். சோணையம்மாள் கழுத்துவரை போர்த்திக் கிடந்தார். அடுப்படியில் தாளிக்காத பருப்பு. பிரிட்ஜில் இளநீரும் கூழும்.

"பெரியவரே, ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டு வாரேன்," என்றார் கான்ஸ்டபிள் காசிமாயன்.

"சொல்லிக்காமப் போப்பா," என்று பதறினார் காளை.

கொட்டாம்பட்டிக் கிராமத்தில் பிறந்தவளுக்கு இது புரிய இவ்வளவு நேரமா என்று தாமரைச்செல்விக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

10.05. "எடுத்தது நீங்கதானய்யா. வீட்ல தாளிப்பு இல்ல. போறவங்க சொல்லிக்கக் கூடாது. அம்மை கண்ட வீட்டு வழக்கமெல்லாம் இருக்கு. மகனுக்குத் தெரியக்கூடாதுன்னு வாசல்ல வேப்பிலை மட்டும் கட்டல."

காளை போர்வையை விலக்கினார். உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு, அனலாகக் கொதிக்கும் காய்ச்சல், படுக்கையில் வேப்பிலை.

"நாலு நாளாச்சு, ஆத்தா எறங்கி. இப்ப மருந்து குடுத்தா தெய்வக்குத்தம். இவன் கேக்கமாட்டான், அதான் ஒளிச்சேன்."

தாமரைச்செல்வி டாக்டருக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"இந்த மாத்திரைக்கே காய்ச்சலும் தடிப்பும் வரும்மா. அன்னைக்கே சொல்லியிருந்தா கொஞ்சம் நிறுத்தி, காய்ச்சலத் தணிச்சுத் திரும்பக் குடுத்திருப்போம். எதுக்கும் நேர்ல பாக்கணும். உடனே கூட்டிட்டு வாங்க."

காளை உள்ளே போய், ஒளித்த டப்பாக்களை எடுத்து வந்தார். மனைவியைக் காப்பாற்றுவதாக நினைத்து நாலு நாளாக விரதம் கிடந்த மனுஷன். பார்க்கப் பாவமாக இருந்தது.

"அப்ப நாந்தான் இவளக் கொல்லப் பாத்தேனா?"

சோணையம்மாள் முதல்முறையாக வாய் திறந்தார்.

"நீ மட்டுமா? குடுத்தாலும் முழுங்கமாட்டேன்னு நானுந்தான்யா சொன்னேன். வண்டியக் கூப்பிடு."